சென்னியப்பன் சக்கரம் மாட்டிய கார்

ஆவாரம்பாளையத்துல தண்ணிக்குப் பஞ்சம் வந்திருக்குது, கரண்ட்டுக்குப் பஞ்சம் வந்திருக்குது, சென்னியப்பன் வாய்க்குப் பஞ்சம் வந்ததா இதுவரைக்கும் தகவல் இல்ல. ஆளு லேத்துப் பட்டறைக்காரன். இரும்பக் கடையறதுல தன்ன மிஞ்ச ஆளில்லைன்னு அவன் சொல்லுவான். பேச்சக் கடையறதுலதான் ஆளில்லைன்னு ஊரு சொல்லும். ரெண்டும் நெசமா இருந்ததுதான் சங்கடம். வெறும் வாய்ச்சவடால் ஆளா இருந்தா ஒருத்தரும் அவன நம்பி சாமான் குடுக்க மாட்டாங்க. வேலை சுத்தமா இருக்கும். வேலை கைக்கு வர்ற வரைக்கும் அவன் அளக்கற கதையத்தான் தாங்க முடியாது.

அன்னிக்கு அந்தக் கதையத் தாங்கற தலையெழுத்து நாச்சிமுத்துவுக்கு வாய்ச்சுது. அதே தெருவுல பெயிண்டும் ஆணியும் விக்கற கடைக்காரரு. பொய்யின்னா அவருக்கு ஆகவே ஆகாது. கல்யாணப் பத்திரிகையில 'சுற்றமும் நட்பும் சூழ'ன்னு அச்சடிக்கறதே தப்பு, பாதிப்பேரு வரமாட்டான், தெரிஞ்சே எதுக்குப் பொய் சொல்லோணும்னு கேக்கற மனுசன். பெயிண்ட்டக் கரைக்க அவரு கடையில விக்கற தின்னர்ல மண்ணெண்ணெய் வாடை அடிக்குதுன்னு யாராவது பேச்செடுத்தா மட்டும் குரலு கொஞ்சம் ஒசந்துக்கும். ஒரு சொட்டு கலப்படம் இருந்தாலும் மீசைய எடுத்துக்கறேன்னு சவால் விடுவாரு. மீசை இன்னும் அப்படியேதான் இருக்குது, ஏன்னா யாரும் அந்தத் தின்னர சோதனைக்கு அனுப்பல.

சங்கதி என்னன்னா, அது தலை ஆடி. வைகாசியிலதான் மக தாரணிய ஓசூர் மாப்பிள்ளை பிரகதீஷுக்குக் கட்டிக் குடுத்திருந்தாரு. தங்கமான பையன். குடி இல்ல, சீட்டு இல்ல. ஒரே ஒரு கிறுக்கு, பிளாஸ்டிக் கார் ஒட்டறது. பெட்டிக்குள்ள துண்டு துண்டா வரும், அத இடுக்கியில புடிச்சு ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, பல்லுக் குச்சி முனையில நம்பர் எழுதி, நெசக் காராட்டமே ஆக்கிருவாரு. மறுவீட்டுக்கு வந்தப்ப, இருக்கறதுலயே ஆசையா ஒட்டுன செவப்பு ரேஸ் கார் ஒண்ண, ஒரு சாண் நீளம் இருக்கும், மாமனார் கையில குடுத்து, "உங்க ஷோகேஸ்ல இருக்கட்டுங்க மாமா, எங்க வீட்டவிட இங்க பத்திரமா இருக்கும்"னு சொல்லிட்டுப் போனாரு. அந்த மாப்பிள்ளை ஆடி விருந்துக்கு இன்னிக்குப் பொழுதுசாய ரயில்ல வந்து எறங்கறாரு.

பத்திரமா இருந்ததுதான். நாச்சிமுத்து தொடைக்கப் போற வரைக்கும். துண்டு நூலு முன்சக்கரத்துல மாட்டி, இழுத்தாரு, சக்கரம் தனியா வந்து கீழ விழுந்துச்சு. பதறிப்போய் எங்க விழுந்துச்சுன்னு பாக்க ஒரு எட்டு வெச்சாரு. எங்க விழுந்துச்சுன்னு காலுக்கு அடியில சத்தம் கேட்டதும் தெரிஞ்சு போச்சு. சம்சாரம் மரகதத்துகிட்ட, காருக்குக் கண்ணாடிப் பெட்டி செய்யக் குடுத்திருக்குதுன்னு சொல்லி வெச்சாரு. அது பொய்யில்ல, முன்யோசனைன்னு தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கிட்டாரு.

ஒரே ஒரு சக்கரம் கடைஞ்சு குடுன்னுதான் சென்னியப்பன்கிட்ட போனாரு. அவன் காரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, மூணு பிளாஸ்டிக்குக்கு நடுவுல ஒரு உலோகம்னா பொக்கை வாயில தங்கப்பல்லு கட்டுனாப்பல இருக்குமுங்ணா, நாலையும் நானே போட்டுத் தர்றேன், மாப்ள அசந்து போயிருவாரு பாருங்கன்னான். அதுல இருந்து எப்பப் போனாலும் நாளைக்குன்னான். சரி, நல்லா செஞ்சு கழுவித் தொடச்சுக் குடுத்தாச் சரின்னு நாச்சிமுத்துவும் பொறுத்துக்கிட்டாரு. கழுவித் தொடைக்கறதப் பத்திச் சொல்லோணும். அந்தத் தெருப் பட்டறைகள்ல முடிஞ்ச சாமானத் தின்னர்த் தட்டுல ஒரு முக்கு முக்கி, எண்ணெய்ப் பிசுக்க எடுத்து, வேஸ்ட்டுத் துணியில தொடச்சுத்தான் கையில குடுப்பாங்க. சோறு தின்னா கை கழுவற மாதிரி, ரோசனையே வேண்டாம், கை தானாப் போகும். பிசுக்கோட ஒரு நட்டு கூடத் தன் பட்டறை வாசப்படி தாண்டுனதில்லைன்னு சென்னியப்பன் நெஞ்சத் தட்டிச் சொல்லுவான். அவன் சொல்றதுல சாட்சி கேக்காம நம்பலாங்கற சங்கதி அது ஒண்ணுதான்.

டீ நேரத்துக்கு நாச்சிமுத்து வர்க்கீஸ் பேக்கரிக்குள்ள நுழைஞ்சப்ப, ஃபேனுக்கு அடியில இருக்கற பெஞ்சுல சென்னியப்பன் உக்காந்திருந்தான். மடியில மஞ்சப்பை. பையோட வாய ரெண்டு கையிலயும் இறுக்கிப் புடிச்சிருந்தான். எதிர்ல ராக்கியப்பன், முலாம் பூசற பட்டறைக்காரரு. எந்தப் பளபளப்புக்கு அடியில என்ன துரு இருக்குதுன்னு பாத்துப் பாத்து, பொழுது விடிஞ்சாக்கூட ஜன்னலத் தொறந்து சரிபாத்துட்டு நம்பற மனுசன். தேங்கா பன்ன டீயில நனைச்சுத் தின்னுக்கிட்டிருந்தாரு.

காரு எங்கப்பான்னு நாச்சிமுத்து நின்னுக்கிட்டே கேட்டாரு. மாப்பிள்ளை ரயிலு ஈரோடு தாண்டிருச்சுன்னு இப்பத்தான் மரகதம் போன் பண்ணியிருந்தா.

"உக்காருங்ணா. சொல்றதுக்கு நெறைய இருக்குது"ன்னான் சென்னியப்பன்.

காரக் குடுக்கறதுக்கு எதுக்குப்பா பேச்சுன்னு நாச்சிமுத்து கேக்கறதுக்குள்ள, வர்க்கீஸ் டீயக் கொண்டாந்து வெச்சுட்டாரு. டீயத் தொட்டவன் கதையக் கேட்டுத்தான் ஆகோணும், அது அந்த பேக்கரி வழக்கம்.

முதல்ல அலுமினியத்துல ஆரம்பிச்சான். கண்ட அலுமினியத்துல மாப்ள காருக்குச் சக்கரம் போட மனசு வரலியாம். எங்கியோ ஒரு பழைய ஏரோப்ளேன ஒடச்சு வித்தப்ப, றெக்கையில இருந்து ஒரு துண்டு சுத்திச் சுத்தி இவன் கைக்கு வந்து சேந்திருந்துச்சாம். ஏற்கெனவே ஆகாசத்துல இருந்து பழகுன சாமானில்லீங்களா, லேத்துல மாட்டி சுத்த விட்டதும் பழைய நெனப்பு வந்திருச்சாம். லேத்து தரைய விட்டு ஒரு மொழம் மேல எந்திரிச்சுப் போச்சாம். பக்கத்துப் பட்டறையில இருந்து நாலு பேரக் கூப்புட்டு லேத்து மேல உக்கார வெச்சுத்தான் கடைஞ்சானாம்.

"அந்த நாலு பேர்ல நானும் இருந்தனாப்பா? பக்கத்துப் பட்டறை என்னுதுதான்"னு கேட்டாரு ராக்கியப்பன்.

அவரு அன்னிக்கு லீவாம். அப்படியான்னு ராக்கியப்பன் தலைய ஆட்டிக்கிட்டே மறுபடியும் பன்ன நனைச்சாரு.

அடுத்தது சக்கரத்துக்குள்ள இருக்கற ஆரக் கம்பி. தலைமுடிய நாலா வகுந்தா எவ்வளவு தடிமன் வருமோ அதுல பாதி. வேலை முடியற வரைக்கும் மூச்சு விடலியாம், விட்டா கம்பி வளைஞ்சிருமில்ல. மைக்ரோமீட்டர்ல வெச்சு அளந்தா, அது இவனையே திருப்பிக் கேக்குதாம், சாமான் எங்கப்பான்னு. அதுக்கப்பறம் சக்கரத்தப் புடிக்கற நட்டு. மூக்குத்தித் திருகாணிய ராட்சசன்னு சொல்ற அளவுக்குச் சின்னது. நாலு நட்டும் செஞ்சு வரிசையா வெச்சுட்டு, அசந்த நேரத்துல ஒரு தும்மலு. ஒண்ணக் காணோம். பட்டறையே தலைகீழாக்கித் தேடுனா, செவுத்து ஓரமா ஒரு எறும்பு அதத் தலையில மாட்டிக்கிட்டுத் தொப்பி போட்ட தாசில்தாராட்டப் போய்க்கிட்டிருக்குதாம்.

"அப்பத்தான் ஒரு ரோசனை வந்துச்சுங்ணா. காருக்குள்ள நம்ம வெரலு போவாது. எறும்பு போவுமில்ல? அந்த எறும்பையே வேலைக்கு வெச்சுக்கிட்டேன். உள்ள அத்தன நட்டையும் முறுக்குனது அதுதான். கூலி சக்கரை."

"பி.எஃப். புடிச்சியா?"ன்னாரு ராக்கியப்பன்.

"கேட்டனுங்க. வேண்டாம், கையிலயே குடுத்துருங்கன்னுருச்சு."

வர்க்கீஸ் டீ ஆத்தறத நிறுத்திட்டு ஒரு நிமிசம் மேல பாத்தாரு. தன் கடையில சக்கரை எங்க போகுதுன்னு அவருக்கு இப்பத்தான் பிடிபட்டாப்பல இருந்துச்சு. நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரல. அவரு கண்ணு மஞ்சப்பையிலயே இருந்துச்சு. ஒரு சாண் கார் உள்ள இருந்தா பை இப்படியா தொங்கும்? அடியில ஏதோ ஒரு உருண்டையாட்டத்தான் தெரிஞ்சுது. பையக் குடு, பாத்துட்டுக் குடுக்கறேன்னு கைய நீட்டுனாரு. அவசரப்படாதீங்ணா, இனித்தான் விசயமே இருக்குதுன்னு சென்னியப்பன் பைய இன்னும் கொஞ்சம் வயித்தோட அணைச்சுக்கிட்டான்.

சக்கரம் போட்டதும், வெளிய இப்படி மின்னுது, உள்ள வெறும் டொப்பையா இருக்குதேன்னு அவனுக்கே பொக்குனு போயிருச்சாம். அதனால பித்தளையில ஒரு சைலன்சர். ஊசிக்குள்ள ஊசி விட்டுத் துளை போட்டது. செஞ்சு முடிச்சு லேசா ஊதிப் பாத்தானாம். மெயின் ரோட்டுல போய்க்கிட்டிருந்த டவுன் பஸ்சு லாரி வருதுன்னு ஒதுங்கி வழி விட்டுச்சாம். சைலன்சர் இருந்தா இஞ்சின் வேண்டாமா? அரம் வெச்சே ராவி ஒரு இஞ்சின். வெத்தலைக் காம்ப நறுக்குனாப்பல பிஸ்டன். சுருள் கம்பி போட்டு ஸ்பிரிங்கு. பேனாவுக்கு மை ஊத்தற ஃபில்லர்ல ஒரே ஒரு சொட்டு பெட்ரோல்.

"நான் கேட்டது ஒரு சக்கரம்"னாரு நாச்சிமுத்து. கோவத்துல வார்த்தை ஒவ்வொண்ணாத்தான் வந்துச்சு.

"சக்கரம்னு ஒண்ணு இருந்தா ஓடோணுமில்லீங்ணா. ஓடாத சக்கரத்த மாப்ளைக்குக் குடுத்தா நம்ம தெருவுக்கு மானக்கேடு."

மறுபடியும் போன் அடிச்சுது. திருப்பூர் தாண்டியாச்சாம். கண்ணாடிப் பெட்டி வந்திருச்சா, வந்த உடனே ஷோகேஸ்ல நடுவால வெக்கோணும், மாப்பிள்ளை கண்ணு மொதல்ல அங்கதான் போவும்னு மரகதம் சொன்னா. ஆயிட்டே இருக்குதுன்னு சொல்லி நாச்சிமுத்து போனை வெச்சாரு. ஒரு பொண்ணக் கட்டிக் குடுத்த மனுசன், தலை ஆடிக்கு வர்ற மாப்பிள்ளை முன்னால, நீங்க ஆசையாக் குடுத்தத நான் மிதிச்சுட்டேன்னு எப்படிச் சொல்லறது? அதவிட, மிதிச்சத மறைச்சுட்டேன்னு எப்படிச் சொல்லறது? பொய்யே பேசாதவருன்னு பொண்ணு பாக்க வந்தப்பவே ஒரம்பரை சொந்தக்காரங்கெல்லாம் அவரப் பத்தித்தான் பெருமையாச் சொன்னாங்க.

அவரு பாடு அவருக்கு. சென்னியப்பன் கார ஸ்டார்ட் பண்ணிட்டான். பட்டறைக் கதவத் தாண்டுனதுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுதாம், அப்பறம் செவப்பா ஒரு கோடுதானாம். லட்சுமி மில் சிக்னல்ல செவப்பு விழுந்ததும் நின்னுச்சாம். நம்ம வண்டி வேகமாப் போவும், சட்டத்த மீறாதுன்னான். அவினாசி ரோட்டுல லாரிக்கு அடியில பூந்து, பஸ்சுக்கு அடியில பூந்து, கடைசியில செட்டிபாளையம் பக்கத்து ரேஸ் மைதானத்துக்கே போய்ச் சேந்துச்சாம். இவன் டிவிஎஸ்ஸ எடுத்துக்கிட்டுப் பின்னாலயே முறுக்கிக்கிட்டுப் போனானாம்.

"போச்சாதுப்பா, அத விடு. யாரு ஓட்டுனது?"ன்னு மடக்குனாரு ராக்கியப்பன்.

சென்னியப்பன் அவர இரக்கத்தோட பாத்தான். "எறும்புதானுங்க. அத்தன நட்டையும் முறுக்குனவன் ஓட்டிப் பாக்க மாட்டானா?"

ராக்கியப்பன் பன்ன அப்படியே வெச்சுட்டாரு. கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு எங்கப்பா போச்சு புத்தின்னாரு. கேக்கறதுக்கு நல்லா இருந்தா புத்தி கொஞ்சம் அக்கட்ட தள்ளி நிக்குமுங்கன்னுட்டு இவன் மேல போனான். மைதானத்துல அன்னிக்கு நெசப் பந்தயமாம். பெரிய பெரிய காருக நிக்க நேரமில்லாம சுத்திக்கிட்டிருக்க, நம்ம கார் அதுகளுக்கு அடியில பூந்து முன்னால வந்திருச்சாம். கொடியாட்டறவன் ஈ ஓட்டறதா நெனச்சு ரெண்டு தரம் கொடிய வீசுனானாம், அதுலயே நம்ம காரு ஜெயிச்சாச்சாம். தோத்தவங்கெல்லாம் சண்டைக்கு வந்து, எங்க கார ஜெயிச்ச அந்தக் காரக் காட்டுன்னு கேக்க, தேடறதுக்கே ஒரு பூதக்கண்ணாடி வேண்டியிருந்துச்சாம். வந்திருந்த வெள்ளைக்காரன் ஒருத்தன் மண்டி போட்டுப் பாத்துட்டு, தொப்பியக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டானாம். இது யாரு வண்டின்னு அழுதுக்கிட்டே கேட்டானாம்.

"என்னுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்ணா. சொல்லல. எங்க நாச்சிமுத்தண்ணன் மாப்பிள்ளை வண்டின்னேன். அந்த நாச்சிமுத்து எப்படிப்பட்டவருன்னு கேட்டான். பொய்யே பேசாத மனுசன்னேன்."

அண்டப்புளுகு, ஆகாசப்புளுகுன்னு தெரிஞ்சும், அந்த எடத்துல நாச்சிமுத்துவுக்கு ஒரு நிமிசம் உள்ளுக்குள்ள குளுந்து போச்சு. வெள்ளைக்காரன் என்ன சொன்னான்னு கேக்க வாய் கூட வந்திருச்சு. நல்லவேளை, சமாளிச்சு டீயக் குடிச்சுட்டாரு.

"திரும்பி வர்றப்பத்தானுங்ணா வெனை"ன்னு சென்னியப்பன் குரலத் தாழ்த்துனான். ஜெயிச்ச குஷியில எறும்பு கொஞ்சம் சாஸ்தி முறுக்கிருச்சாம். என்ன இருந்தாலும் பாடி பிளாஸ்டிக்குதான? உலோகம் தாங்கும், அது எப்படித் தாங்கும்? காத்து ஒரசுன ஒரசல்ல வெண்ணெயாட்டக் கரைஞ்சு வழிஞ்சு போச்சாம். சக்கரமும் சைலன்சரும் ஸ்பிரிங்கும் மட்டும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா உருண்டு பட்டறைக்கு வந்து சேந்துச்சாம்.

சொல்லிட்டு மஞ்சப்பைய மெல்லமா மேசை மேல கவுத்தான்.

நாலு சக்கரம் உருண்டு வந்துச்சு. அலுமினியம் கண்ணாடியாட்ட மின்னுச்சு, ஒவ்வொரு ஆரமும் நெசமாவே தலைமுடி கணக்கா இருந்துச்சு. பித்தளைச் சைலன்சர், பூவிதழாட்ட ரெண்டு ஸ்பிரிங்கு, கடுகாட்ட நட்டு. அதுக்கெல்லாம் பின்னால, பொத்துனு, எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு செவப்புப் பிசின் உருண்டை. ராக்கியப்பன் குனிஞ்சு ஒரு மூச்சு இழுத்தாரு. தின்னர் வாசம் கும்முனு அடிச்சுது. நிமிந்து சென்னியப்பனப் பாத்தாரு. சென்னியப்பன் ஃபேனப் பாத்தான்.

நாச்சிமுத்துவுக்கு எல்லாம் வெளங்கிருச்சு. அத்தன பாகத்தையும் பாத்துப் பாத்துச் செஞ்சு மாட்டிட்டு, கடைசியா, சோறு தின்ன கையக் கழுவறாப்பல, மொத்தக் காரையும் தூக்கித் தின்னர்த் தட்டுல ஒரு முக்கு. பிசுக்குப் போகோணும்னு முக்குனதுல காரே போயிருச்சு. பிள்ளையார் புடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கறாரு. குரங்குக்குக் கூட ஒரு உருவம் உண்டு, இது வெறும் உருண்டை. அட பாவிப்பயலே, ஒரு சக்கரம் கேட்டதுக்கு நாலு சக்கரத்தக் குடுத்துட்டு காரத் தின்னுட்டயேன்னு கத்தறதுக்கு வாயத் தொறந்தாரு.

"மாமா, நல்லா இருக்கறீங்களா? அத்தை நீங்க பேக்கரியில இருக்கறீங்கன்னு சொன்னாங்க, அப்படியே ஆட்டோவ இங்க விடச் சொல்லிட்டேன்."

தோள்ல பையோட பிரகதீஷ் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாரு.

தொறந்த வாய மூட முடியல. மூடாத வாயில இருந்து ஏதாவது வந்துதான ஆகோணும். என்ன வந்துச்சுன்னு நாச்சிமுத்துவுக்கே அப்பறமாத்தான் தெரிஞ்சுது. "வாங்க மாப்ள, வாங்க. உங்க காரு பந்தயத்துல ஜெயிச்சிருச்சு"ன்னாரு.

சென்னியப்பன் ஃபேன விட்டுட்டுத் திரும்பிப் பாத்தான். அதுக்கப்பறம் நடந்தத ஆவாரம்பாளையம் இன்னும் மறக்கல. பொய்யே பேசாத மனுசன், வருசக்கணக்காச் சேத்து வெச்சதையெல்லாம் ஒரே மூச்சுல எடுத்து விட்டாரு. லேத்து ஒரு மொழம்தான எந்திரிச்சுது, இவரு பட்டறையோடயே தூக்குனாரு. எறும்பு ஓட்டுனது உண்மைதான், ஆனா ஒண்ணில்ல, ஒண்ணு களைச்சா மாத்தி ஓட்ட இன்னொண்ணு பக்கத்துல உக்காந்திருந்துச்சுன்னாரு. அதெப்படிங்ணா, உள்ள ஒரு சீட்டுதானன்னு சென்னியப்பனே குறுக்க கேட்டான். நீ சும்மா இரு, நீ அன்னிக்கு லீவுன்னு ஒரே போடாப் போட்டாரு. வெள்ளைக்காரங்க ஒரு கூட்டமே வந்து, பாடிய மட்டும் எங்க ஊரு மியூசியத்துக்குக் குடுங்கன்னு கால்ல விழுந்தாங்களாம். மாப்பிள்ளையக் கேக்காமக் குடுக்கறது தப்புதான், ஆனா நாட்டுக்கே பெருமையில்லீங்களா, மனசக் கல்லாக்கிக்கிட்டுக் குடுத்து அனுப்பிச்சாராம். சக்கரத்த மட்டும் அவங்களுக்கு விட்டுத் தரலியாம்.

"இது என்னுங்க மாமா?"ன்னு பிரகதீஷ் அந்தச் செவப்பு உருண்டையக் காட்டிக் கேட்டாரு.

நாச்சிமுத்து ஒரு கணம் கூடத் தடுமாறல. "அவங்க ஊரு மிட்டாய், மாப்ள. உங்களுக்குன்னே குடுத்தனுப்பியிருக்கறாங்க."

சென்னியப்பன் கைய எடுத்து நெஞ்சுல வெச்சுக்கிட்டான். இத்தன வருசப் பொழப்புல தனக்கு இது தோணலையேங்கற வருத்தம் அவன் மூஞ்சியிலயே தெரிஞ்சுது. பிரகதீஷ் மாமனார் குடுத்தத மறுக்கக் கூடாதுன்னு மரியாதையா ரெண்டு கையிலயும் அந்த உருண்டைய எடுத்தாரு. வாய்கிட்டக் கொண்டு போனாரு. மூக்கத் தாண்டறப்பக் கை நின்னு போச்சு.

"தின்னர்ல முக்குனீங்களாங்க மாமா?"

நாச்சிமுத்துவுக்குக் கால்ல இருந்து தலை வரைக்கும் கூசிப் போச்சு. பொண்ணு குடுத்த எடத்துல சேத்து வெச்ச மரியாதையெல்லாம் அந்த உருண்டையோட உருண்டையா மேசை மேல கெடந்துச்சு. துண்டு மாட்டுனது, மிதிச்சது, பட்டறையில குடுத்தது, எல்லாத்தையும் தலையக் குனிஞ்சுக்கிட்டே ஒப்பிச்சுட்டு, முக்குனது நானில்ல மாப்ள, இவன்தான்னு சென்னியப்பனக் கையக் காட்டுனாரு.

பிரகதீஷ் ஒரு சக்கரத்த எடுத்து மேசை மேல உருட்டி விட்டாரு. அது ஒரு ஆட்டம் இல்லாம, நேர்கோடா அந்தக் கோடிக்குப் போய் வர்க்கீஸ் கையில நின்னுச்சு. இப்படி ஒரு சக்கரத்த எங்கியும் பாத்ததில்லீங்க, பாடி கடையில கெடைக்கும், இது கெடைக்காது, அடுத்த கார இதுக்குத் தகுந்தாப்பல ஒட்டிக்கறேன், ஆனா உலோகம் வேற, இது பிளாஸ்டிக்கு, தின்னர்ல போட்டாக் கரையும்னு தோணலீங்களான்னு சென்னியப்பன்கிட்டக் கேட்டாரு.

மாப்பிள்ளையே சக்கரத்தப் பாராட்டிட்டாரு. சென்னியப்பனுக்குப் போன உசிரு திரும்பி வந்திருச்சு, வாயும் கூடவே வந்திருச்சு.

"எப்படிங்க தம்பி தோணும்? அது உங்க மாமா கடைத் தின்னரு. வருசக்கணக்கா அதுலதான் கழுவறேன், இன்னி வரைக்கும் எண்ணெய்ப் பிசுக்கே கரைஞ்சதில்ல. பிளாஸ்டிக்கு எங்க கரையப் போகுதுன்னு தைரியமா முக்குனேன்."

ராக்கியப்பனுக்குப் பன்னு பொரையேறிருச்சு. ஆனா நாச்சிமுத்து தலைய நிமித்துனாரு. மீசையத் தடவுனாரு. கார் போனா என்ன, மானம் போனா என்ன, ஊரே சேந்து இத்தன வருசம் சொன்ன அவதூறுக்கு இன்னிக்கு மேசை மேல சாட்சி உருண்டையா உக்காந்திருக்குதே.

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்கப்பா. கலப்படம், கலப்படம்னீங்களே. சுத்தமான தின்னரா இல்லாட்டி ஒரு முழுக் கார் இப்படிக் கரையுமா? நீங்களே சொல்லுங்க மாப்ள."

பிரகதீஷ் அந்த உருண்டைய மறுபடியும் மூக்குகிட்டக் கொண்டு போய் நிதானமா மோந்து பாத்தாரு. அப்பறம் மாமனாருக்குப் பக்கத்துல, பெஞ்சுல உக்காந்து, வர்க்கீஸ் வெச்ச டீயக் கையில எடுத்துக்கிட்டாரு.

"இந்த ஒரு டப்பாவுல மட்டும் கலக்க மறந்துட்டீங்களாட்ட இருக்குதுங்க மாமா."